இறக்காத கூடை

என் மாமா ஃபிதா அலியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல் என்று போன வருஷம் யாராவது கேட்டிருந்தால், அவர்களை எங்கள் தட்டைக் கூரையிலிருந்து இறக்கிவிட்டு ஏணியையும் எடுத்திருப்பேன். அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன் அவர். என் அப்பா சுக்கூர் சாகும்போது பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தவர். ஒரு சத்தம் போட்டிருந்தால் அப்பா பிழைத்திருப்பார். மாமா போடவில்லை. எங்கள் மலையூர் தாங்மரில் இருக்கும் நாற்பது வீட்டுக்கும் இது தெரியும். எனக்குப் பால்குடி மறந்ததிலிருந்தே தெரியும்.

அம்மா ஹக்கீமா ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்: "ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." மாவு பிசையும்போது சொல்வாள், ஆப்ரிகாட் கொட்டையை உடைக்கும்போது சொல்வாள். மாமாவிடம் மட்டும் சொன்னதில்லை. முப்பத்திரண்டு வருஷம் அவள் அவரோடு பேசவே இல்லை.

நடந்தது இதுதான். நான் அம்மா வயிற்றில் ஆறு மாதமாக இருந்த வருஷம், எங்கள் ஊற்று நூல் மாதிரி ஆகிவிட்டது. அதற்கு முந்தின வருஷமே பாதி வயல் காய்ந்தது. ஆறு அதலபாதாளத்தில் ஓடுகிறது. குடத்தில் மொண்டு வரலாம், வயலுக்கு ஏற்ற முடியாது. இன்னொரு கோடை இப்படிப் போனால் நாற்பது வீடும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊர் கூடிப் பேசி, பனிக்குக் கல்யாணம் செய்துவைப்பது என்று முடிவானது.

ஆண் பனி கறுப்பு. கல்லும் மண்ணும் அப்பிக் கிடக்கும். அது பக்கத்து ஓடையிலேயே கிடைக்கும், அரை நாள் வேலை. பெண் பனி வெள்ளையில் நீலம் ஓடியது, தண்ணீர் தரக்கூடியது. அதற்கு மூன்று பள்ளத்தாக்கு தாண்டி, பெரிய பனியாற்றின் மேல் இன்னும் ஒன்றரை நாள் நடக்க வேண்டும். இரண்டையும் கொண்டுவந்து, ஊருக்கு மேலே வெயில் படாத குழியில் சேர்த்துவைத்து, கரியும் உமியும் போட்டு மூடினால், சில வருஷத்தில் அங்கே ஒரு பனியாறு பிறக்கும். எங்கள் முப்பாட்டன் காலத்தில் இப்படிப் பிறந்ததுதான் அந்தப் பழைய ஊற்றும்.

இரண்டே கட்டுப்பாடு. பனிக்கூடை முதுகில் ஏறியதிலிருந்து குழியில் இறங்கும்வரை மண்ணையோ கல்லையோ தொடக்கூடாது. கொண்டுவருகிறவர்கள் அதுவரை வாயே திறக்கக்கூடாது. தொட்டால் அந்தக் கூடை வெறும் தண்ணீர், யாராவது பேசினால் எல்லாக் கூடையும். ஒரு கூடை கெட்டுப்போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு கூடை. ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சுமக்க மூன்று ஆட்கள்.

மாமா போவது உறுதி. ஊரிலேயே திடமான கால் அவருடையது, பேச்சும் அளந்துதான் வரும். மெஹ்தி சித்தப்பா வழி தெரிந்தவர், ஐந்து பிள்ளைக்காரர். மூன்றாவதாக என் அப்பா தானே வந்து நின்றார். ஊரே சிரித்ததாம். அப்பா பேசாமல் இருந்ததை யாரும் பார்த்ததில்லை. ஆட்டிடம் பேசுவார், அடுப்பிடம் பேசுவார். அந்த வாய்தான் எனக்கும் வந்திருக்கிறது.

"நீ எப்பிடிடா நாலு நாள் வாயை மூடுவ?" என்று மெஹ்தி சித்தப்பா கேட்டாராம். "ரொட்டியை உள்ள அடைச்சு மேல துணியால கட்டிக்கிட்டு வா."

"பொண்ணழைக்கப் போறோம்ப்பா. மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தனாவது கலகலப்பா இருக்க வேணாமா?" என்றாராம் அப்பா.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அண்ணே, அவர் தூக்கத்துலகூட உளறுவாரு. அவரால கெட்டுச்சுன்னா ஊரு அவரை உயிரோட விடாது. நீ பாத்துக்க."

"பாத்துக்கறேன்" என்றார் மாமா.

போகும் வழியில் பேச்சுக்குத் தடையில்லை. மெஹ்தி சித்தப்பா அந்த நடையைக் குளிர்காலம் முழுக்க எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து நூறு தடவை சொல்லியிருக்கிறார். முதல் நாள் வில்லோ மரமும் ஆப்ரிகாட் தோப்பும் உள்ள பள்ளத்தாக்கு. இரண்டாம் நாள் கொடிப்பாலம். அப்பா பாதியில் நின்று அதை ஆட்டியதற்கு மாமா அவரை அடிக்கப் போனார். மூன்றாம் நாள் கடைசி மரங்கள். அங்கேயே விறகு சேர்த்துக்கொண்டார்கள், அதற்கு மேல் கல்லும் காற்றும்தான். வறுத்த பார்லி மாவை உப்புத் தேநீரில் குழைத்துத் தின்றார்கள். ஆட்டுத்தோல் காலணிக்குள் வைக்கோல் மாற்றிக்கொண்டார்கள். வழி நெடுக அப்பா புலம்பிக்கொண்டே வந்தார்.

"ஏன் மச்சான், இவ்வளவு தூரத்துலயா பொண்ணு எடுக்குறது? பக்கத்துல ஒண்ணும் படியலையா?"

"பக்கத்துல எடுத்த பொண்ணுதான் உன்னைக் கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டிருக்கா" என்றார் மாமா. மாமா அடித்த ஜோக் என்று நான் கேள்விப்பட்டது இது ஒன்றுதான்.

ஐந்தாம் நாள் உச்சியில் பனி வெட்டினார்கள். கூடைகளை நிரப்பி, மெஹ்தி சித்தப்பா முதுகிலும் மாமா முதுகிலும் ஏற்றினார்கள். கூடை ஏறிய நொடியில் மூன்று வாயும் மூடிக்கொண்டன. இளைப்பாற வேண்டுமென்றால் நின்றபடியே கூடைக்கு அடியில் ஊன்றுகோலை முட்டுக்கொடுப்பார்கள். தூங்க வேண்டுமென்றால் இருவர் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொள்ள, ஒருவர் மட்டும் கண்ணயர்வார்.

மறுநாள் காலை, பனியாற்றின் கடைசித் துண்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். அப்போது கூடை இல்லாமல் சும்மா வந்தவர் அப்பா. கம்பால் பனியைக் குத்திப் பார்த்துக்கொண்டு முன்னால் போனார். பின்னால் மாமா, அவருக்கும் பின்னால் மெஹ்தி சித்தப்பா. வாயை மூடினாலும் அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. மாமா பக்கம் திரும்பி நின்று, சித்தப்பா முழங்கால் வலியோடு வாத்து மாதிரி நடப்பதை அப்படியே நடித்துக் காட்டினார். நடித்தபடியே பின்னுக்கு அடியெடுத்து வைத்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பனி லேசாகக் குழிந்திருந்ததை மாமா பார்த்தார், அடியில் வெடிப்பு இருப்பதற்கு அடையாளம் அது.

மாமா கையை உயர்த்தினார். அப்பா அதைப் பதில் ஜோக் என்று நினைத்துச் சத்தமில்லாமல் சிரித்தார். இன்னொரு அடி வைத்தார். ஆள் இல்லை.

அலறல் வரவில்லை. சித்தப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திவிடுவார். விழும்போதுகூட என் அப்பா வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெடிப்புக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கம்பால் பனியைத் தட்டுகிற சத்தம். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம்.

சித்தப்பா உடனே தன் கூடையைக் கீழே இறக்கிவிட்டார். கயிற்றை விட்டார். கயிறு எட்டியது, அப்பா கட்டிக்கொண்டார். ஆனால் ஒரு ஆள் இழுத்து வருகிற ஆழம் இல்லை. சித்தப்பா மாமாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், தரையைக் காட்டினார். மாமா தலையை ஆட்டினார். கூடையோடே வந்து கயிற்றை இடுப்பில் சுற்றி இழுத்தார். முதுகில் ஒரு ஆள் எடை பனியை வைத்துக்கொண்டு இழுப்பது ஒரு இழுப்பா? குனிய முடியாது, கால் ஊன்ற முடியாது. வெயில் பனியாற்றை விட்டுப் போகிற வரைக்கும் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

அங்கிருந்து ஊர் மூன்று நாள். அந்த மூன்று நாளும் மாமா தன் கூடையை ஒரு தடவைகூடச் சித்தப்பா முதுகுக்கு மாற்றிக் கொடுக்கவில்லை. சித்தப்பா முதுகைக் காட்டி நின்றபோதெல்லாம் விலகி நடந்தார். மாமாவின் இடது தோள்பட்டை அன்றைக்கு இறங்கியதுதான், கடைசிவரை ஏறவில்லை.

குழியருகே ஊர் மொத்தமும் காத்திருந்தது. பிள்ளைத்தாய்ச்சி மேலே வராதே என்று சொன்னதைக் கேட்காமல் அம்மாவும் ஏறி வந்திருந்தாள். மூன்று பேர் போனார்கள், இரண்டு பேர் வருகிறார்கள், ஒரு கூடை காலி. கேட்கக்கூடாது. கேட்டாலும் அவர்கள் சொல்லக்கூடாது. ஆண் பனியைப் பரப்பி, மாமா கூடையிலிருந்து பெண் பனியை எடுத்து மேலே வைத்து, கரி கொட்டி, உமி கொட்டி, தண்ணீர் நிரப்பிய சுரைக்குடுக்கைகளை இடையில் செருகி, கல் அடுக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் அம்மா அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசிக் கல் வைத்ததும் மாமா அவள் பக்கம் திரும்பி, "ஹக்கீமா" என்றார். சித்தப்பாதான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அம்மா கேட்டு முடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

பனி பிடித்துக்கொண்டது. எனக்குப் பத்து வயதாகும்போது குழிக்குக் கீழே கசிவு தெரிந்தது. பதினாலு வயதில் வாய்க்கால் ஓடியது. ஊர் காலி ஆகவில்லை. வெளியே போனவர்களில் நாலு குடும்பம் திரும்பிக்கூட வந்தது. அந்தத் தண்ணீரில்தான் எங்கள் கோதுமை விளைகிறது. ஆனால் அம்மா அதைக் குடிப்பதில்லை. "என் புருஷனோட விலை அது" என்பாள். ஆற்றுக்கு இறங்கி ஏறி, ஒரு குடம் தனக்கென்று கொண்டுவருவாள்.

மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யார் பெண் கொடுப்பார்கள்? மச்சானைச் சாகவிட்டவன் என்று எதிரே வருகிறவர்கள் ஓரம் கட்டிப் போவார்கள். அவர் தூக்கி வந்த பனியின் தண்ணீரைக் குடித்துக்கொண்டேதான் ஓரம் கட்டினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வருஷா வருஷம் இலை உதிர்கிற காலத்தில் மூட்டை மூட்டையாக உமி சுமந்து போய்ப் பனியை மூடிவிட்டு வருவார். வாரம் ஒரு தடவை எங்கள் கூரையில் ஒரு கட்டு விறகு வைத்துவிட்டுப் போவார். முதல் குளிர்காலம் முழுக்க அம்மா அதை அப்படியே தெருவில் தள்ளினாள். இரண்டாவது குளிர்காலத்தில் எரித்தாள். குளிருக்கு மானம் ஏது? நான் சிறுமியாக இருந்தபோது அவர் மேல் கல் எறிந்திருக்கிறேன். ஒன்று காதில் பட்டு ரத்தம் வந்தது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

மெஹ்தி சித்தப்பா மட்டும் எங்களுக்குத் தெய்வம் மாதிரி. என் அப்பாவுக்காகக் கூடையை இறக்கிய மனுஷன். பெருநாள் அன்று முதலில் அவர் கையைத்தான் முத்துவேன்.

போன இலையுதிர்காலத்தில் அவர் படுத்துவிட்டார். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டனுப்பி, மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். வழக்கம்போல நான் கையை எடுத்து முத்தினேன். இழுத்துக்கொண்டார்.

"முத்தாத, பத்தூலு. அன்னிக்கு நான் இறக்குனது ஏற்கெனவே இறங்குன கூடை."

"என்ன சித்தப்பா சொல்றீங்க?"

"பனி வெட்டுன அன்னிக்குச் சாயங்காலமே. முழங்கால் விட்டுப்போச்சு. அவங்க ரெண்டு பேரும் முன்னாடி போயிட்டாங்க. ஒரு பாறை மறைவுல வச்சேன். ஒரு மூச்சு இழுத்து விடுற நேரம்தான். யாரும் பாக்கல." கொஞ்சம் இருமினார். "மறுநாள் நான் இறக்குனது பெரிய தர்மம்னு ஊரே சொல்லுது. செத்த கூடையை இறக்க என்ன தர்மம் வேணும்? நல்ல கூடையா இருந்திருந்தா இறக்கியிருப்பேனான்னு எனக்கே தெரியல புள்ள."

நான் எழுந்து வந்தேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. இரண்டு கூடை எதற்கு? ஒன்று கெட்டால் ஒன்று. சித்தப்பா கூடை நல்லதாக இருந்திருந்தால், அவர் அதைச் சுமந்தபடி கை கொடுக்க, திடமான மாமா வெடிப்புக்குப் பக்கத்தில் தன்னுடையதை இறக்கிவிட்டு இழுத்திருக்கலாம். ஊருக்கும் தண்ணீர் கிடைத்திருக்கும், அப்பாவும் வந்திருப்பார். மாமா ஏன் மூன்று நாளும் கூடையை மாற்றிக் கொடுக்கவில்லை? நான் வீட்டுக்குப் போகவில்லை. மேலே அவர் வீட்டுக்கு ஏறினேன்.

மாமா உமி மூட்டைக்கு வாய் கட்டிக்கொண்டிருந்தார். நான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

"மெஹ்தி சித்தப்பா பாறை மறைவுல கூடையை வச்சதைப் பாத்தீங்களா?"

கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். "பாத்தேன்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு என்ன? பேசக்கூடாதே."

"ஊருக்கு வந்தப்புறம் பேசியிருக்கலாம்ல!" நான் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "முந்தின நாள்லேருந்தே என்னோட கூடை ஒண்ணுதான் மிச்சம், அதான் இறக்கலன்னு சொல்லியிருக்கலாம்ல! முப்பத்திரண்டு வருஷம் நாயைப் பாக்கற மாதிரி பாத்தோமே உங்களை!"

"சத்தம் போடாத புள்ள. சொல்லியிருந்தா மெஹ்தியை ஊரு அன்னிக்கே முடிச்சிருக்கும். அஞ்சு புள்ள அவனுக்கு, கடைசி கைக்குழந்தை. எனக்கு யாரு இருக்கா? நான் தாங்கிக்கலாம்னு இருந்துட்டேன்."

"அப்பா தட்டுனது..."

"எண்ணூத்திப் பதினாலு" என்றார். "எண்ணிக்கிட்டேதான் நின்னேன். உங்கப்பன் நினைச்சிருந்தா கத்தியிருக்கலாம். கத்தியிருந்தா என் கூடையும் அப்பவே கெட்டிருக்கும், தானா இறங்கியிருக்கும். ஜென்மத்துல அன்னிக்கு ஒரு நாள்தான் அவன் வாயை மூடிக்கிட்டு இருந்தான். அவனே மூடிக்கிட்டு இருக்கறப்ப நான் எப்பிடி இறக்குவேன்?"

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் தேநீர் போட்டார், உப்பு அதிகம். நான் கிளம்பும்போது, "உங்கம்மாகிட்ட சொல்லாத. மெஹ்தி இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கான்" என்றார்.

சித்தப்பா பத்து நாளில் போய்விட்டார். அப்போதே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்பது நாள் துக்கம் கழியட்டும் என்று நினைத்தேன். பிறகு, வாய்க்கால் உருகி ஓடுகிற நாளில் சொன்னால் அம்மா அந்தத் தண்ணீரையும் குடிப்பாள் என்று நினைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஊரில் யாரையும் நிறுத்தி வைத்து நாலு கேள்வி கேட்கிற எனக்கு இந்த ஒன்றுக்கு வாய் வரவில்லை.

கடுங்குளிரில் மாமாவுக்கு மார்ச்சளி கட்டியது. நான்தான் போய்ப் பார்த்துக்கொண்டேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு சட்டி கஞ்சி வைத்து, பனியில் வழுக்கி வழுக்கி அவர் வீட்டு ஏணியடி வரைக்கும் வந்து நின்றாள்.

"இதைக் குடு" என்றாள்.

"மேல வாம்மா."

அண்ணாந்து பார்த்தாள். ஏணியின் முதல் படியில் கையை வைத்தாள். நான் சொல்லியிருக்க வேண்டியது அப்போது. "கை விறைக்குது, சீக்கிரம் வாங்கு" என்றாள். வாங்கிக்கொண்டேன். அவள் திரும்பிப் போனாள்.

மாமா சட்டியை மோந்து பார்த்து, "ஹக்கீமா வச்சதா?" என்றார். இரண்டு வாய் குடித்தார். மறுநாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது. தரை கல்லாக உறைந்திருந்ததால், குழி வெட்டும் இடத்தில் நெருப்பு மூட்டி இளக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் வீட்டில் அடுக்கியிருந்த விறகையே எடுத்தார்கள். எங்களுக்காக வெட்டி வைத்த விறகு.

அடக்கம் முடிந்து ஆண்கள் இறங்கி வந்த பிறகு, அம்மா அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள்: "அன்னிக்கு அவன் வீட்டுல என்னடி கத்துன? தெரு முழுக்கக் கேட்டுச்சாம்."

சொன்னேன். பாறை மறைவு, ஒரே நல்ல கூடை, எண்ணூற்றுப் பதினாலு தட்டு, எல்லாம். அடுப்பில் கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, அம்மா இறக்கவில்லை.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மெஹ்தி சித்தப்பா சாகறதுக்கு முன்னாடியே."

"ரெண்டு மாசம்."

"மாமாதாம்மா வேணாம்னாரு..."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். குழியருகே ஒரு மணி நேரம் நின்று அவரைப் பார்த்தபோது இப்படித்தான் பார்த்திருப்பாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி" என்றாள்.

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. இது நடந்து ஐம்பது நாளாகிறது. மாமா வீட்டில் இருந்துகொண்டு, வாரம் ஒரு தடவை அவள் கூரையில் ஒரு கட்டு விறகு வைத்துவிட்டு வருகிறேன்.